மார்லிஸ் ஓட்டிவந்த விமானம்

மார்லிஸ் என் இடது காதுக்கு மேலே கத்தரியை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக எதிரே தபால் நிலையக் கொடியைப் பார்க்கிறாள். பாதித் தலை வெட்டியாகிவிட்டது, மீதி காத்திருக்கிறது. "தெற்குக் காத்து. கொஞ்சம் எகிறுது" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்குகிறாள். எங்கள் ஊர் ஹால்வரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தேவாலய வாசலில் பாதிரியாருக்குக் கைகொடுக்கும்போதும் அவள் கண் அவர் தோளுக்கு மேலே மரக்கிளையில்தான் இருக்கும். தன் பிக்கப் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் நிறுத்துவாள். கடை வாசலில் வெள்ளைக் கோடு போட்டிருப்பதெல்லாம் மற்றவர்களுக்கு.

அறுபதை நெருங்கும் பெண். ஒற்றை நாற்காலி சலூன். கூந்தல் சாய அட்டைக்குப் பக்கத்தில் ஓர் எஞ்சினின் குறுக்குவெட்டுப் படத்தை மாட்டி வைத்திருக்கிறாள். தலையில் சுருள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெண்மணிகளுக்கெல்லாம், வேண்டுமோ வேண்டாமோ, விமானம் எதனால் விழும் என்பது தெரியும். கணவன் லைல் மக்காச்சோளமும் சர்க்கரை பீட்ரூட்டும் பயிரிடுகிறவன். மின்னசோட்டாக்காரன், அதிகம் பேச மாட்டான். ஐம்பது வயதுக்கு மேல் இவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது, "சாப்பாட்டுக்கு வந்துடுவியா?" என்று மட்டும் கேட்டானாம்.

கற்றுக்கொண்டதோடு நின்றாளா? பழைய வால்சக்கர விமானம் ஒன்று சொந்தமாக வேண்டும் என்றாள். இப்போதைய சின்ன விமானங்களுக்கு மூன்றாவது சக்கரம் மூக்குக்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்து விமானத்துக்கு வாலுக்கு அடியில். தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவருக்கு எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. இடதும் வலதுமாக வளைந்து வளைந்து, பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தபடிதான் ஊர்ந்து போக வேண்டும். இறங்கி ஓடும்போது பக்கக் காற்று அடித்தால் வால் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். கொஞ்சம் அசந்தால் தட்டாமாலை சுற்றி இறக்கையைத் தரையில் முறித்துக்கொள்ளும்.

எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. டிராக்டர் விற்கும் ஆர்லோவிடம் முன்பு அந்த ரக விமானம் இருந்தது. வருஷா வருஷம் ஜூனில் எங்கள் விமானத் திடலில் ஊரே கூடி அப்பமும் பன்றி இறைச்சியும் சாப்பிடுகிற ஒரு ஞாயிறு உண்டு. அன்றைக்குப் பார்த்து ஊர் முன்னால் இறக்கிக் காட்டினான். பக்கக் காற்று வலுவாக இருந்தது, திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் தட்டோடு இத்தனை பேர் நின்று பார்க்கும்போது யாருக்குத்தான் திரும்பிப் போக மனம் வரும்? அவனுக்குக் கீறல்கூட இல்லை, விமானம்தான் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்த விமானத்தையும் தொட்டதில்லை. அந்த அப்ப ஞாயிறுக்கு மட்டும் தவறாமல் வருவான், ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டி நின்று சாப்பிட்டுவிட்டுப் போவான். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

மார்லிஸ் விமானம் வாங்கப் போகிறாள் என்றதும் அதிகம் சீண்டியவன் அவன்தான். சலூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்பம் சாப்பிடற ஞாயித்துக்கிழமை எங்க எல்லார் முன்னாடியும் இறக்கு, அப்போ ஒத்துக்கறேன்" என்றான். கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அவள், "தட்டோட வந்து நில்லு" என்றாள். மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. விமானம் உடைந்தால் இன்னொன்று வாங்க அவளுக்கு வழி கிடையாது. அதைவிட, தினமும் அவள் கையில் தலையைக் கொடுத்துவிட்டு வாயைச் சும்மா வைத்திராத ஊர் இது.

விமானம் நெப்ராஸ்காவில் இருந்தது. கூட வர ஆள் வேண்டும், ஏனென்றால் அதற்குச் சாவி கிடையாது, பாட்டரி கிடையாது. ஒருவர் வெளியே நின்று மூக்கிலுள்ள மரக் காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும், இன்னொருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். லைல் வாட்டசாட்டமான ஆள், அவன் ஏறினால் பெட்ரோலை இறக்க வேண்டியிருக்கும். ஊரிலேயே எடை குறைந்த ஆள் மருந்துக்கடை வைத்திருக்கும் நான்தான் என்று அவளே முடிவு செய்தாள். எனக்கு ஏணி ஏறினாலே தலை சுற்றும் என்றேன். "ஏணி வேற, இது வேற. ஏணிக்கு இறக்கை இல்லை" என்று சொல்லி, ஒரு பல்துலக்கிக்கும் ஒரு சட்டைக்கும் மேல் எடுத்து வரக் கூடாது என்றாள்.

விற்றவர் வாவ்ரா என்கிற, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானி. எழுபது வயதிருக்கும். கையெழுத்தெல்லாம் ஆன பிறகும் அவளை விடவில்லை. பின் இருக்கையில் தான் ஏறிக்கொண்டு, புல் தரையில் திரும்பத் திரும்ப இறக்கச் சொன்னார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். முதல் தடவை அது முயல்போலத் துள்ளியது. கடைசியில் இறங்கி வந்தவர், அவளைப் பாராட்டவில்லை. "இறக்கத் தெரியுதும்மா உனக்கு. இறக்காம திரும்பத் தெரியுதான்னு எனக்குத் தெரியாது" என்றார். அவள் இறக்கையின் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் எதிர்க்காற்று. கீழே நெடுஞ்சாலையில் மாட்டு லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினாள். எஞ்சின் சத்தத்தில் ராகம் தப்பியது தெரியவில்லை. இறங்கிய சின்னத் திடல்களில் பெரும்பாலும் ஆளே இல்லை. கதவு திறந்திருக்கும், காபிப் பாத்திரம் சூடாக இருக்கும், வாசலில் ஓர் ஓட்டைக் கார் சாவியோடு நிற்கும். ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டுவந்து விடலாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவள் விமானத்தின் முன்னால் போய் நிற்பாள், "மிதிச்சிருக்கியா மாறா?" என்பாள். என் உயிரே பிரேக்கை அழுத்தும் இரண்டு குதிகாலில் இருக்கும். அவள் காற்றாடியை இழுத்துவிட்டு ஒரே எட்டில் விலகுவாள். எஞ்சின் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியாது.

ஞாயிறு காலைதான் காற்று தெற்காக மாறியது, ஹால்வரும் கண்ணில் பட்டது. திடலோரம் கார்கள், கூடாரம், புகை. மேலே வட்டமடிக்கும்போதே, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை விறைத்து வடக்கே நீட்டிக்கொண்டிருப்பதை நான்கூடப் பார்த்தேன். எங்கள் ஓடுதளமோ கிழக்கு மேற்கு. அவள் இறக்கிக்கொண்டு வந்தாள். தரை நெருங்கும்போது விமானம் பக்கவாட்டில் தள்ளப்பட்டது. எஞ்சினை முடுக்கி மேலே ஏற்றினாள். மறுபடி வந்தாள். இம்முறை ஒரு சக்கரம் தரையைத் தொட்டது, வால் நெளிந்தது. மறுபடி மேலே. கீழே அத்தனை முகமும் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் இன்னொரு தடவை முயன்று பார்க்கட்டும் என்றுதான் என் மனது சொன்னது. இத்தனை தூரம் வந்துவிட்டோம், ஊர் பார்க்கிறது.

மார்லிஸ் இன்னொரு முறை காற்றுப்பையைப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே, "இன்னிக்கு இங்க வேண்டாம்" என்றாள். விமானத்தைத் திருப்பினாள். கூடாரத்துக்கு மேலாகவே பறந்து, ஊர் தாண்டி, ஹாகன் சகோதரர்கள் அப்போதுதான் குதிரைமசால் தீவனத்தை அறுத்துப் போயிருந்த நீள வயலுக்குப் போனாள். அது தெற்கு வடக்கு. காற்றுக்கு நேர் எதிரே மூக்கை வைத்து இறக்கினாள். விமானம் நடக்கிற வேகத்தில் வந்து நின்றது. அவள் எஞ்சினை அணைத்தாள். "நல்லா இருந்துச்சுல்ல?" என்று என்னிடம் கேட்டாள். நல்லா இருந்தது என்றேன், மனதார.

மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு முதலில் வந்தது ஆர்லோவின் வண்டி. பின்னாலேயே லைல், கயிறும் முளையும் சுத்தியலுமாக. ஆர்லோ வண்டியிலிருந்து இறங்கி, வேலியிலேயே நின்றுகொண்டான். "நானா இருந்தா இறக்கியிருப்பேன்" என்றான்.

"நீதான் இறக்கினியே, ஆர்லோ" என்றாள் அவள்.

லைல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். ஆர்லோ முகம் சிவந்து, பிறகு என்ன தோன்றியதோ, அவனே சிரிக்கத் தொடங்கினான். அதற்குள் ஒரு காற்று வீச்சு விமானத்தின் இறக்கையைத் தூக்கியது. அவன் வேலியைத் தாண்டி ஓடிவந்து இறக்கையின் தாங்குகம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். லைல் முளை அடித்துக் கயிறு கட்டி முடித்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை இலை அசையவில்லை. நானும் போகத் தயாராக வயலுக்குப் போயிருந்தேன். ஆர்லோவும் வந்திருந்தான், கயிறு அவிழ்க்க உதவலாம் என்று வந்ததாகச் சொன்னான். மார்லிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அவனிடம், "பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கு, உன் தொப்பையைத் தாங்கும். ஏறு" என்றாள். அவன் முடியாது என்றான், வேலை இருக்கிறது என்றான், திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும் என்றான். அவள் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து பின் இருக்கையில் ஏறினான். அவன் பிரேக்கை மிதிக்க, அவள் காற்றாடியைச் சுற்றினாள்.

நானும் லைலும் பிக்கப்பில் திடலுக்கு விரைந்தோம். கூடாரம் போயிருந்தது, புல்லில் அப்ப மாவு சிந்திக் கிடந்தது, பார்க்க எங்களைத் தவிர யாருமில்லை. விமானம் தாழ வந்து, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரை தொட்டு, கோடு போட்டதுபோல நேராக ஓடியது. வேகம் குறைந்து, ஓடுதளக் கோடியில் திரும்பி, கொட்டகையை நோக்கி இடதும் வலதுமாக வளைந்து வளைந்து மெதுவாக ஊர்ந்து வந்தது. இடப்பக்கம் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் தெரிந்தார்கள். விமானத்தை ஓட்டப் பின் இருக்கைக்கும் ஒரு பிடியும் கால்மிதிகளும் உண்டு. ஆர்லோ நாக்கைக் கடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் மார்லிஸ் சாய்ந்து உட்கார்ந்து, முழங்கால்களை மடக்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்து வைத்துக்கொண்டிருந்தாள்.