ரெண்டு பேட்டரி கேட்ட கப்பல் இன்ஜின்

போன வாரம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி உப்பிப் பொங்கிவிட்டது. மாடிப்படிக்கு அடியில் அழுகிய முட்டை நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று மனைவி துடைப்பத்தோடு தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. இருபது வயதில் அந்த நாற்றத்தைச் சட்டையிலும் தலைமுடியிலும் சுமந்து திரிந்தவன் நான். ஆசிட் பட்டு என் சட்டை எல்லாம் சல்லடையாக இருக்கும். முதலில் பெண் பார்க்கப் போன வீட்டில் என்னை வேண்டாம் என்றது அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் என்பது என் கட்சி. மூஞ்சியைப் பார்த்துத்தான் என்பது என் தங்கையின் கட்சி.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்தேன். லாரி, டிராக்டர் என்று எது வந்தாலும் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும்தான் எங்கள் பிழைப்பு. இன்ஜினைச் சுற்றி எழுப்புகிற மோட்டாருக்கு எங்கள் பக்கம் செல்ஃப் என்றுதான் பேர். கடையில் அடிதடிக்குப் பஞ்சமே இல்லை. முதலாளிக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கிற ஸ்பேனர் பறக்கும். குனியத் தெரியாதவன் அங்கே ஒரு மாதம் தாங்க மாட்டான். எனக்கும் கோபம் மூக்குக்கு மேல்தான். ஒரு தடவை பறந்து வந்த ஸ்பேனரை எடுத்து அவர் பக்கமே வீசிவிட்டேன். அன்றிலிருந்து வெளியூர் வேலை என்றால் என்னைத்தான் அனுப்புவார். என் மேல் வைத்த நம்பிக்கை என்று நான் நினைத்துக்கொண்டேன். கண்ணில் படாமல் தொலையட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

அப்படித்தான் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் ரெங்கசாமி, தம்பி அழகர்சாமி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிணறு. கிணற்று மேட்டில் ஒரு போட் இன்ஜின். தூத்துக்குடிப் பக்கம் பழைய விசைப்படகு ஒன்றை உடைத்தபோது அவர்களுடைய அப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஊரில் அதற்குக் கப்பல் இன்ஜின் என்று பேர். கடலைக் கண்ணால் பார்க்காத சனங்கள் எல்லாம், "கப்பல் ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஓடினால் குழாயிலிருந்து தொட்டிக்குள் விழுகிற தண்ணீர் ஆளையே சாய்த்துவிடும்.

அப்பா செத்ததும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் அண்ணனுக்கு, ஒரு நாள் தம்பிக்கு என்று முறை வைத்தார்கள். முறை முடிந்ததும் டேங்கில் மிச்சமிருக்கிற டீசலைச் சொட்டு விடாமல் வடித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஒருத்தன் டீசலில் இன்னொருத்தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துவிடக் கூடாது. கூட்டுக் கிணற்றுக்காரர்கள் பலரும் இப்படித்தான் செய்வார்கள். இவர்கள் வடித்த பிறகு டேங்கைத் துணி விட்டு வேறு துடைப்பார்கள்.

இன்ஜினை இரும்பு ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எழுப்பவேண்டும். கொஞ்சம் தயங்கினால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். அப்படி ஒரு நாள் அடித்ததில் ரெங்கசாமியின் வலது கை முறிந்துவிட்டது. தம்பிதான் முந்தின நாள் முறையில் எதையோ கோளாறு பண்ணி வைத்துவிட்டான் என்று அவர் ஊரைக் கூட்டினார். பஞ்சாயத்து நடந்தது. பஞ்சாயத்திலேயே வேட்டி கிழிந்து, ஒருத்தருக்குப் பல்லும் போனது. கடைசியில் ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். இனிமேல் ஹேண்டில் வேண்டாம், செல்ஃப் மாட்டிவிடலாம். இன்ஜின் பொது, அதனால் செல்ஃபும் பொது. பேட்டரி மட்டும் ஆளுக்கொன்று. அவனவன் முறைக்கு அவனவன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். நான் எத்தனையோ வண்டிக்கு வயர் இழுத்திருக்கிறேன், இப்படி ஒரு கூத்தைக் கண்டதில்லை.

நான் போன அன்று தம்பியின் முறை. இன்ஜின் நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் நெல் கதிர் வாங்குகிற நேரம். வயல் வெடித்துக் கிடந்தது.

"இன்னைக்குத் தண்ணி ஏறலைன்னா அம்புட்டும் பதருதான்ணே," என்றான். அறுவடை முடிந்ததும் அவனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். நெல் போனால் கல்யாணமும் போனது.

படகோடு வந்த பழைய செல்ஃப் உப்புக்காற்றில் அரித்து இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது. போல்ட் அசைய மாட்டேன் என்றது. உளியை வைத்துச் சம்மட்டியால் போட்டேன். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம். இன்ஜினின் பரம்பரையையே திட்டினேன். மதியத்துக்குக் கழன்றது. தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடையிலிருந்து அவர்கள் வாங்கி வந்திருந்த இன்னொரு செல்ஃபை மாட்டி, பல் சேருகிறதா என்று பார்த்து, தடித்த கேபிளை இழுத்து முறுக்கினேன். தம்பியின் பேட்டரியை இணைத்துப் பொத்தானை அமுக்கினால், 'டொக்'. அவ்வளவுதான். செல்ஃபின் மேல் எவனோ அப்பியிருந்த பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். இருபத்துநாலு வோல்ட் என்று போட்டிருந்தது. கையில் இருப்பதோ பன்னிரண்டு.

"இதுக்கு ரெண்டு பேட்டரி வேணும்யா," என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணுதான இருக்கு."

"ஒங்க அண்ணாச்சிகிட்ட ஒண்ணு இருக்குல்லா? செத்த நேரம் போதும். இன்ஜின் ஓடிருச்சுன்னா பொறவு பேட்டரியே தேவையில்ல, கழட்டிக் குடுத்துரலாம்."

வரப்பில் தொட்டில் கட்டிய கையோடு ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்துவிட்டது. "என் கைய ஒடிச்சவனுக்கு என் பேட்டரியா? கெணத்துல தூக்கிப் போட்டாலும் போடுவேனே தவிர அவனுக்குக் குடுக்க மாட்டேன்!" என்று கத்தினார். தம்பி மண்வெட்டியை எடுத்தான். அவர் எழுந்தார். நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி நடுவில் நின்று, "வெட்டிக்கிட்டுச் சாவுங்கலே, நான் பஸ்ஸப் பிடிக்கணும்," என்றேன். சமாதானம் பேசுகிற லட்சணம் அது. ரெங்கசாமி என்னையும் சேர்த்து வைதுகொண்டே வீட்டுப் பக்கம் போனார்.

எங்கள் கத்தல் வீடு வரைக்கும் கேட்டிருக்கும் போல, அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் வாய்க்கால் வழியாக அவர் மனைவி சரசு வந்தாள். தலையில் சாக்குச் சும்மாடு, அதன் மேல் அண்ணனின் பேட்டரி. அழகர்சாமி மூக்கு ஒழுகத் திரிந்த வயதில் அந்த வீட்டுக்கு வாழ வந்து, சோறு ஊட்டி வளர்த்தவள். கல்யாணப் பெண்ணையும் அவளே பார்த்து முடித்திருந்தாள்.

"இந்தாங்க தம்பி, சட்டுன்னு மாட்டுங்க," என்று என் முன்னால் இறக்கி வைத்தாள்.

"மதினி, அண்ணன் கொன்னுருவாரு," என்றான் அழகர்சாமி.

"பச்சப் பயிருலே அது. நீயும் அவியளும் அடிச்சுக்கிட்டா அது என்ன பண்ணும்?"

இரண்டு பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதன் மைனஸை அதன் பிளஸ்ஸோடு சேர்த்தேன். சரசு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேட்டரி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கினேன். செல்ஃப் ஒரு உறுமல் உறுமி இன்ஜினைத் திருப்பியது. கரும்புகை கக்கிக்கொண்டு கப்பல் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் திமுதிமுவென்று தொட்டிக்குள் விழுந்தது. அழகர்சாமி சின்னப் பிள்ளை போலக் குதித்தான்.

இன்ஜின் சத்தத்தில் ரெங்கசாமி திரும்பி வந்தது யாருக்கும் கேட்கவில்லை. "ஏட்டி!" என்ற ஒரு சத்தம்தான். இடது கையில் ஹேண்டில் இருந்தது. ஓங்கி இறக்கினார். பேட்டரியை அடித்தாரா, அவளை அடித்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அந்தக் காலத்துப் பேட்டரி கறுப்பு ரப்பர் பெட்டி, சில்லுச் சில்லாகத் தெறித்தது. உள்ளே இருந்த ஆசிட் முழுக்க அவள் முகத்திலும் கழுத்திலும். இன்ஜின் சத்தத்தையும் மீறி அவள் அலறினாள்.

தம்பி கையில் மண்வெட்டி. அண்ணன் தலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவன் அதை எறிந்துவிட்டு மதினியை அப்படியே தூக்கி, முகத்தைக் குழாய்த் தண்ணீருக்குள் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ரெங்கசாமியைக் கீழே தள்ளி, கை வலிக்கிற மட்டும் மொத்தினேன். கை முறிந்த மனுஷனை அடித்த வீராதி வீரன் நான். இன்றுவரை அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

டிராக்டரில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீரால் கண் தப்பியது. கழுத்தும் ஒரு கன்னமும் வெந்துவிட்டன. சொந்தபந்தம் எல்லாம் வராந்தாவில் கூடிக் குசுகுசுத்தார்கள். அவர்களில் ஒருத்தர் போலீஸ்காரர். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

"பேட்டரி தானா வெடிச்சிருச்சு. இந்தப் பய வயர மாத்திக் குடுத்துட்டான்," என்றார் ரெங்கசாமி.

அழகர்சாமியிடம் கேட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா சார்," என்றான்.

செல்ஃப் மாட்ட ஒத்துக்கொண்டதை விட்டால், அப்பா செத்த பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து பேசிய முதல் பேச்சு அது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பளார் பளார் என்று இரண்டு விட்டார்கள். காது அடைத்துப்போனது. ஜெயில்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பிறகு அவளிடம் போய்க் கேட்டார்கள். முகமெல்லாம் கட்டு. அவள் கூடப் பிறந்த அண்ணனே காதருகில் குனிந்து, "வெடிச்சிருச்சுன்னு சொல்லிரு தாயி," என்று கெஞ்சினார்.

"வெடிக்கல," என்றாள் சரசு. "அந்தத் தம்பி சரியாத்தான் மாட்டுனாரு. கப்பல் ஓடுச்சுல்ல? அடிச்சது என் வீட்டுக்காரரு."

என்னை விட்டுவிட்டார்கள். ரெங்கசாமியையும் சொந்தக்காரர் தயவில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவளைத்தான் வீட்டில் ஏற்றவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பிறந்த ஊரான சேத்தூருக்குப் போனாள். நாங்கள் வராந்தாவில் நின்ற நேரமெல்லாம் அந்த இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடி, வயலை நிறைத்திருக்கிறது. நெல் நன்றாக விளைந்ததாம், கல்யாணமும் குறித்தபடி நடந்ததாம்.

ஒரு தடவை சேத்தூருக்கு பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள், பிறகு ஏதோ மில் வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த மில் என்று அந்த அண்ணனுக்கே தெரியவில்லை. பாவி மனுஷன், கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தோட்டத்து வழியாகப் போக நேர்ந்தது. கிணற்றைத் தூர்த்து மனைக் கல் ஊன்றியிருந்தார்கள். கப்பல் இன்ஜின் எடைக்குப் போய்விட்டதாம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே காம்பவுண்டில் வீடு. அழகர்சாமி என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காப்பி கொடுத்தான். பக்கத்தில் பத்து வயதில் அவன் மகன்.

"ஒங்க மதினி எங்க இருக்காவ, தெரியுமா?" என்று கேட்டேன்.

அழகர்சாமி என் காப்பி டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தான். பையன் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாருப்பா மதினி?"

"ஒங்க பெரியம்மாடே," என்றேன் நான், சுள்ளென்று.

பையன் சிரித்துவிட்டான். "எங்க பெரியப்பாவுக்குத்தான் கல்யாணமே ஆகலியே."