சிலுவைராஜ் கட்டி வைத்த பை

சிலுவைராஜ் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆன பிறகுதான், செத்தவர்கள் எழுந்து வந்தால் என்ன செய்வது என்று முதன்முதலாக யோசித்தார். அதற்கு முன் யோசிக்காததற்குக் காரணம், அவர்களில் யாரும் எழுந்ததில்லை.

1983இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மனைவி ரோசம்மாவின் தம்பி ஜார்ஜ் வீட்டில் மதியச் சாப்பாடு. ஜார்ஜ் புதிதாக வீடியோ டெக் வாங்கியிருந்தான். வாடகைக்கு எடுத்து வந்திருந்த கேசட்டில், குழியிலிருந்து எழுந்த பிணங்கள் ஓர் ஊரையே கடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஸோம்பிகளாம். ரோசம்மா பாதியிலேயே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சிலுவைராஜ் கடைசிவரை பார்த்தார்.

"என்ன அத்தான், பயந்துட்டீங்களா?" என்றான் ஜார்ஜ் சிரித்துக்கொண்டே.

"நடையைத் தப்பா காட்டியிருக்கான். செத்து ஆறு மணி நேரம் ஆச்சுன்னா முட்டி மடங்காது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ரெண்டு நாள் போனா மறுபடியும் தளர்ந்துடும். அப்போ ஓடக்கூட முடியும்."

ஜார்ஜ் டெக்கை அணைத்துவிட்டான்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது சிலுவைராஜ் தேக்கா மார்க்கெட்டில் ஒரு பெரிய கான்வாஸ் பை வாங்கி வந்தார். அதற்குள் முதலில் போனது ஆறு டின் சார்டின். பிறகு ஒரு டின் கிரீம் கிராக்கர், டின் திறப்பான், டார்ச் லைட், கோடாலித் தைலம், நீளமான நைலான் கயிறு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை மூன்று ஜோடி. இரண்டு பேர் உள்ள வீட்டில் மூன்றாவது ஜோடி யாருக்கு என்று ரோசம்மா கேட்டாள்.

"ஜார்ஜுக்கு. அவன் எதுவும் வாங்கி வைக்க மாட்டான்."

"தினமும் செத்தவங்களோடதானே இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு இந்தப் பயம்?"

"அதனாலதான். எத்தனை பேருன்னு எனக்குத்தானே தெரியும்."

அவர்கள் வீடு ஃபேரர் பார்க்கில், அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஐந்தாம் மாடியிலும் ஒன்பதாம் மாடியிலும் மட்டுமே நிற்கும். இத்தனை காலம் முழங்கால் வலியோடு குறை சொல்லி வந்த அந்த ஏற்பாடு, இப்போது அவருக்குப் பெரிய வசதியாகத் தெரிந்தது. ஐந்தில் இறங்கி மேலே ஏற வேண்டும், அல்லது ஒன்பதில் இறங்கிக் கீழே வரவேண்டும். உயிரோடு வரும் விருந்தாளிகளுக்கே அது விளங்குவதில்லை.

அடுத்த வாரம் பங்குச் சாமியாரைத் தனியாகப் பிடித்தார்.

"ஃபாதர், 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்'னு ஜெபமாலையில சொல்றோமே. செத்தவங்க உடம்போட எழுந்து வர்றப்போ அவங்களுக்குப் பசிக்குமா?"

சாமியாரிடம் இதை யாரும் கேட்டதில்லை. உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் மீன் வாங்கிச் சாப்பிட்டது அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆனால் அது இந்த இடத்தில் உதவுவதாக இல்லை.

"அவங்க நல்லவங்களா எழுந்து வருவாங்க சிலுவை. நீ பயப்படாதே."

"எல்லாருமேவா ஃபாதர்?"

சாமியார் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எல்லாரும்னு சொல்ல முடியாது," என்றார்.

அன்று சாயங்காலம் பையில் இன்னும் இரண்டு டின் சார்டின் சேர்ந்தது.

கடைசியாக உள்ளே போனது பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று. ரோசம்மா அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் பெயர்கள். சீனப் பெயர்களும் மலாய்ப் பெயர்களும்கூடக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருந்தார். பெயர் தெரியாத இடத்தில் 'பொங்கோல் கடற்கரை, நீலச் சட்டை' என்பது போல ஒரு வரி.

"யாருங்க இவங்கல்லாம்?"

"பொணத்தைக் கேட்டு யாரும் வராதவங்க. நான்தான் குளிப்பாட்டி அனுப்பி வச்சேன். எழுந்து வந்தா இவங்களுக்குப் போக வீடு கிடையாது. என்னைத்தான் தேடி வருவாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கொஞ்சம் நிதானிப்பாங்கன்னு தோணுச்சு."

ரோசம்மா நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைத்தண்ணீர் படாதபடி ரப்பர் வளையம் மாட்டிப் பைக்குள் வைத்தாள்.

அந்த நாட்களில் குடிமைத் தற்காப்பு பற்றி எங்கும் பேச்சாக இருந்தது. போர் வந்தால், தீப்பிடித்தால், தண்ணீர் நின்றுபோனால் குடும்பங்கள் தயாராக இருக்க வேண்டும் என்று வசிப்போர் குழுவினர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். அவர்கள் புளோக்குக்கு வந்தவர் குழுவின் செயலாளர் மருதப்பன். எழுபத்து நான்கு வீடுகளைத் தட்டியும் ஒரு வீட்டில்கூட அவசரப் பை இல்லை. எழுபத்தைந்தாவது வீட்டில் சிலுவைராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துப் போட்டார்.

மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்ணே," என்றார். மாதிரிக் குடும்பம் என்று பெயர் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் தற்காப்பு அதிகாரி நூருல் அமீன் பையைப் பார்க்க நேரில் வந்தார். பொருட்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். சார்டினுக்குத் தலையாட்டினார். கயிற்றுக்கும் தலையாட்டினார். கையுறைகள் வந்ததும் நிமிர்ந்தார்.

"இது எதுக்கு அண்ணன்? கெமிக்கல் தாக்குதலுக்கா?"

"இல்ல சார். செத்தவங்க எழுந்து வந்தா."

மருதப்பன் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினார். ரோசம்மா காப்பி கலக்க உள்ளே போனாள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, நின்றபடியே நான்கைந்து பக்கம் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காயம் பட்டவங்களைத் தூக்க ஆள் சேர்த்துட்டேன். ரத்தம் குடுக்க ஆள் இருக்கு. பெரிய விபத்து ஒண்ணு நடந்தா, செத்தவங்களைத் தொட்டு எடுக்க ஒருத்தரும் பேர் குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க வந்து சொல்லித் தர முடியுமா?"

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது சார்."

"அவங்களுக்கும் வராது லா."

அப்படித்தான் சனிக்கிழமை மதியங்களில் சமூக நிலையத்தில் சிலுவைராஜின் வகுப்பு ஆரம்பமானது. முதல் நாள் வந்தவர்கள் பதினாறு பேர். அடுத்த வாரம் ஏழு பேர். உடம்பை எப்படித் திருப்புவது, முகத்தை எதனால் மூடுவது, மோதிரத்தைக் கழற்றினால் யார் முன்னால் கழற்றுவது என்று மலாயும் தமிழும் கலந்து சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்த்த ஆமினா பீவிதான் எல்லார் மனசிலும் இருந்ததைக் கேட்டார்.

"நம்ம தூக்கும்போது அசைஞ்சா என்ன செய்யறது?"

"அசைஞ்சா சந்தோஷம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க," என்றார் சிலுவைராஜ்.

1989இல் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் அந்த வகுப்பை நடத்தினார். மொத்தம் ஐம்பத்தொரு பேர் படித்து முடித்தார்கள். ஜார்ஜ் ஒரு தடவை வந்து, வாசலோடு திரும்பிப் போனான்.

கடைசி வகுப்புக்கு ரோசம்மா வந்திருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காதவள் அவள். முடிந்ததும் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"முதல் நாள் வேலைக்குப் போனப்போ எப்படி இருந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

சிலுவைராஜ் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. ரோசம்மா டிரைவரிடம் போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டு, "ம், சொல்லுங்க," என்றாள்.