சார்ஜ் மேசையும் சூடத் தட்டும்

நல்லமுத்து தன் அக்கா குணவதிக்கு அறுநூறு வெள்ளி கடன்பட்டிருந்தார். வளையலை அடகு வைத்து அவள் கொடுத்த பணம். பினாங்கில் டத்தோ கெராமாட் சாலைப் பக்கத்துச் சந்தில் அவருடைய பேட்டரி சார்ஜ் கடை அதில்தான் எழும்பியது. மற்றபடி அவர் எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவரில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்தான். ஆனால் லோரிக்காரன், டாக்சிக்காரன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விளக்குப் போடும் கடைக்காரன் என்று பாதி ஊர் அவர் மேசைக்குத்தான் வரும்.

"என் கையில ஒரு பேட்டரி செத்திருக்கா, சொல்லு பார்ப்போம்!" என்பார். மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. கதவைச் சாத்திய பிறகு, கேட்கவும் ஆள் கிடையாது. மாடியில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கிளாஸ்.

எல்லாம் எழுபத்தொன்பதாம் வருஷ ஆயுத பூஜையோடு வந்த வினை. அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து பெரிக் கப்பல் ஏறி, அவல் பொரியோடு வந்த குணவதி, தம்பி பின்னால் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாப் பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடத்தையும் ஏற்றிவிட்டாள். எந்தப் பட்டறையிலும் செய்வதுதான். ஆனால் இங்கே பேட்டரிகள் மூடி திறந்து, சார்ஜ் ஏறி, குமிழிட்டுக்கொண்டிருந்தன. நல்லமுத்து ஈரத் துண்டோடு ஓடிவந்து, தட்டைப் பிடுங்கித் தெருவில் வீசினார். அது உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"சாமி தட்டுடா, பாவி!"

"வெளியே போ!" நடுக்கத்தில் அவர் வாயில் வந்தது அவ்வளவுதான்.

போனவள் போனவள்தான். லோரிக்கார ஜெயராஜிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். 'சாமியைச் சாக்கடையில போட்டவன் காசு எனக்கு வேணாம்' என்ற சொல்லோடு அது திரும்பி வந்தது. எரிகிற தட்டோடு நின்ற பொம்பளைக்கு நான் போய் விளக்கம் சொல்வதா என்று அவரும் முறுக்கிக்கொண்டார். தீபாவளிக்குத் தீபாவளி பெரி வரும் திசையைப் பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

ஏழு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் திரிஷா சைக்கிள் வண்டி ஒன்று வந்து நின்றது. குணவதி இறங்கினாள். காலடியில் ஒரு பேட்டரி.

"புக்கிட் மெர்தாஜாம் பாசார் மாலாம்ல வடை போடறேன். விளக்கு எரிய மாட்டேங்குது. ரெண்டு கடையில செத்துப்போச்சுன்னு சொல்லிட்டான்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"புதுசு விக்கிறவன் வேற என்னலா சொல்லுவான்?" மூடியைத் திறந்தார். உள்ளே தகடெல்லாம் காய்ந்து கிடந்தது. "என்ன தண்ணி ஊத்தினே?"

"குழாய்த் தண்ணி. பின்னே, பன்னீரா ஊத்துவாங்க?"

"பேட்டரித் தண்ணிதான் ஊத்தணும். தகடு முங்கினா போதும், வழியக் கூடாது. இது மெதுவாத்தான் ஏறும், அவசரப்பட்டா சூடாகி வீணாயிடும். நாளைக்கு எடுத்துக்கோ. இன்னைக்கு என்னோடதைக் கொண்டு போ."

அவள் கண் சுவரெல்லாம் தேடியது. "சாமி படம் எங்கே? அதையும் வீசிட்டியா?"

அவர் வாசலைக் காட்டினார். வெளியே நடைபாதைத் தூணில் முருகன் படம். புது மல்லிகை; விளக்கில் எண்ணெய் ததும்பியது.

"சாமியை ஏன்டா தெருவில வச்சிருக்கே?"

"சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலேருந்து காத்து வரும்க்கா. கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி பட்டாப் போதும், பெட்டி வெடிச்சு ஆசிட் மூஞ்சியில அடிக்கும். அன்னைக்கு நீ குனிஞ்சு நின்னே."

குணவதி மேசையைப் பார்த்தாள். குமிழ்கள் மெல்லச் சத்தமிட்டன.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"தட்டு எரியுது, எங்கே சொல்றது?"

"தட்டு அணைஞ்சப்புறம் ஏழு வருஷம் இருந்துச்சேடா."

நல்லமுத்து துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மூடியை மறுபடி துடைத்தார்.

அக்கா மூக்கை உறிஞ்சி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள். "சரி, என் காசைக் கொடு."

மாடிக்கு ஓடி, ஜெயராஜ் திருப்பிக் கொண்டுவந்த அதே கட்டை எடுத்து வந்தார். பக்கத்துக் கடைக்கும் கேட்கட்டும் என்று உரக்க எண்ணினார். பாதியில் குரல் தணிந்தது, கையும் மெதுவானது.

"நாளைக்குப் பேட்டரி எடுக்க ஆளை அனுப்பாதே. நீயே வா."

"நானேதான் வருவேன். நீ எண்ணு."

எண்ணினார். கடைசிப் பத்து வெள்ளியை அவள் விரித்த கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.