அம்மா தூங்கிய படம்

விதைக்கடலை உடைக்கிற நாட்களில் கட்டைவிரல் நகக்கண் எரியும், ஈரத்தோலின் மண்வாசம் சோற்றுக்கையிலும் ஏறிவிடும். எழுபதுகளில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மாவும் நானும் மட்டும் அரும்பாவூர் "டூரிங்" கொட்டகைக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் களத்தில் கடலை உடைத்த பெண்களுக்கு அந்தக் கதையை நான் சொன்னேன். "கதை கேக்குற வாயி கடலை திங்காது, சொல்லுடி" என்று கூலி கொடுக்கிற காட்டுக்காரம்மா தூண்டிவிட்டார். யாரிடமும் பேசக் கூசுகிற எனக்கு அன்று எங்கிருந்தோ வாய் வந்தது.

பஸ் கண்டக்டர் ஒருவன் தலையில் அடிபட்டுப் பழங்கதை ராஜா காலத்துக்குப் போய்விடுகிறான். வாளோடு பாய்ந்த வீரர்களை விசில் ஊதி வரிசையில் நிறுத்துகிறான், ராஜாவுக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்துப் பாட்டுப் பாடுகிறான். அம்மா சிரித்துச் சிரித்து என் தொடையில் அடித்த இடம் காலையிலும் வலித்தது. கண்டக்டர் பஸ்ஸுக்குத் திரும்பி வந்து இளவரசியை நினைத்து அழுதான், அதற்கப்புறம்தான் அவளை முதன்முதலில் பார்த்தான் என்று, பார்த்தபடியே சொன்னேன். காலம் விட்டுக் காலம் தாவுகிற படம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். படம் ஓட்டியவர் அன்று சுருளை முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் கதை சொன்ன அன்று ராத்திரியே களத்துப் பெண்களும் அந்தப் படத்துக்குப் போனார்கள்; அவர்களுக்குச் சுருள் சரியாக ஓடியிருக்கிறது. மறுநாள் களத்தில், எங்களோடு கடலை உடைத்த பெரியம்மாதான் ஆரம்பித்தாள்.

"அடி புளுகுமூட்டை! நீ படம் பாத்தியா, வெளிய நின்னு பாட்டு மட்டும் கேட்டியா?"

"இவ கதையில புள்ள பொறந்தப்புறம்தான் தாலி கட்டுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

நான் அம்மாவைப் பார்த்தேன். "நீயும் பாத்தியேம்மா, சொல்லும்மா."

அம்மா கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எங்கடி பாத்தேன்? தூங்கிட்டேன்ல" என்றாள். பிறகு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

"புளுகுமூட்டை" பள்ளிக்கூடம் வரை வந்தது. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். நாலு பேர் கூடுகிற இடத்தில் அதற்குப்பின் நான் வாய் திறந்ததில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், கடலையை மெஷின் உடைக்கிறது, சிரித்தவர்களில் ஒருத்தரும் இல்லை. அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள். கடைசி மூன்று மாதம் நடை விழுந்து என் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தாள். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது, "விசில் ஊதுவானே கண்டக்டரு, அந்தக் கதையைச் சொல்லேன்டி. நீ நல்லாச் சொல்லுவே" என்றாள்.

வாயைத் துடைத்துவிட்டேன்.

"நான் எங்கம்மா பாத்தேன்? தூங்கிட்டேன்ல" என்றேன்.