வண்டிக்குத் தெரியாத டிரெய்லர்

கணேஸ்வரன் மாமா இறந்துபோனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. செங் என்ற ஊரில் ஒரு சாவு வீடு. கெனோப்பிக் கூடாரமும் நாற்காலிகளும் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு உஷாராணி அத்தை பிக்கப்பில் முன்னால் போனார். மாமா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். அத்தை அந்த வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். முதல் கம்பியைத் தூக்கிய பிறகுதான் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

கடைசி சிக்னலைத் தாண்டிய வளைவில், கொட்டிக் கிடந்த மணலில் மோட்டார் சறுக்கி மாமா விழுந்திருந்தார். போலீஸ் அப்படித்தான் சொன்னது. அத்தை நம்பவில்லை.

"பிரேக் லைட்டு எரிஞ்சிருக்காது. நான் அமுக்குனது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. இடிச்சிடக் கூடாதுன்னு ஹேண்டில ஒடிச்சிருப்பாரு" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

அத்தை தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவர். இளமையெல்லாம் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் மின்னணுச் சிப்புகளைப் பார்த்தே கழிந்தது. ஆட்குறைப்பில் வேலை போனதும் மாமாவோடு கெனோப்பி வாடகைத் தொழிலில் இறங்கினார். மாமாவிடம் மோட்டார் லைசென்ஸ் மட்டுமே இருந்ததால் பிக்கப் அத்தையின் கைக்கு வந்தது. புக்கிட் ரம்பாய் சாப்பாட்டுக் கடையில் ஆண்கள் சிரித்தார்கள். "யாராவது ஒருத்தர் வந்து இத ரிவர்ஸ் எடுத்துக் காட்டுங்கலா, அப்பறம் சிரிக்கலாம்" என்றார் அத்தை. ஒருவரும் எழுந்து வரவில்லை.

டிரெய்லரின் பழைய பல்புகள் மழைத் தண்ணீர் புகுந்து அடிக்கடி கெட்டுப்போயின. மாமா அவற்றைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகளைத் தன் கையால் மாட்டினார். பளிச்சென்ற சிவப்பு. ஆனால் அன்றோடு பிக்கப்பின் டேஷ்போர்டில் டிரெய்லர் படம் தெரிவது நின்றுவிட்டது. விளக்கு எரியும், பின்னால் ஒன்று தொடர்ந்து வருவது வண்டிக்கு மட்டும் தெரியாது. ரிவர்ஸ் எடுத்தால், தான் இழுக்கும் டிரெய்லரையே யாரோ என்று எண்ணி சென்சார் அலறும். ஒரு விளக்கு அணைந்தாலும் ஓட்டுகிறவருக்குச் சொல்ல மாட்டாது.

அதனால்தான் மாமா பின்தொடர்ந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் விளக்கைப் பார்த்துவிட்டு இடது கையை உயர்த்துவார். அத்தை கண்ணாடியில் பார்த்து ஒரு ஹாரன் அடிப்பார். ஹாரன் கேட்கும்வரை மாமா கையை இறக்க மாட்டார். "நான் சொல்லி எம் பொண்டாட்டி பதில் பேசாம கேட்டுக்கிறது அங்க மட்டுந்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாராம்.

பல வருடங்கள் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு, மாமா போன பிறகு நான் திரும்பியபோது டிரெய்லர் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வந்த ஆர்டர்களையெல்லாம் அத்தை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

"பின்னால இருக்கிறது பிக்கப் காடிக்குத் தெரியணும். தெரியாம நான் ரோட்டுக்கு இறங்க மாட்டேன்."

"பழைய பல்பையே மாட்டிடலாமே அத்தை?"

"அவரு மாட்டுனத கழட்டவா சொல்ற? நல்லா சுத்திட்டு வந்திருக்க லா நீ!"

பத்து பெரண்டாமில் நிவேந்திரன் என்ற வயரிங் போமனிடம், அதாவது வண்டி மெக்கானிக்கிடம், போனோம். அவர் டிரெய்லருக்கு அடியில் படுத்து வெகுநேரம் சோதித்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, பழைய பல்பு நெறய கரண்ட் தின்னும். அத வச்சுத்தான் காடி கண்டுபிடிக்குது, பின்னால டிரெய்லர் இருக்குன்னு. இந்த லைட்டு ரொம்ப கொஞ்சமா தின்னுது. அதான் காடி ஒண்ணுமே இல்லன்னு நெனைக்குது."

"எரியுது. ஆனா இல்ல."

"காடிக்கு அப்படித்தான்."

அத்தை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு விளக்கின் வயரோடும் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் போதும் என்றார் நிவேந்திரன். "சும்மா இருந்து கரண்ட் தின்னும். நல்லா சூடாவும். பிளாஸ்டிக்ல மாட்டுனா உருகிடும், இரும்புலதான் மாட்டணும்."

"வேலையே செய்யாம தின்னுட்டு சூடாவுதா? எங்க மாமியா மாதிரி."

வெகுநாளைக்குப் பிறகு அத்தை சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மாட்டி முடித்து சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் அந்தச் சின்னப் படம் வந்தது. நான் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இடது!"

"எரியுது அத்தை!"

"வலது!"

"எரியுது!"

பிரேக்கை அமுக்கினார். சிவப்பு என் சட்டையெங்கும் விழுந்தது. "எரியுது!" என்றேன். அவர் காலை எடுக்கவில்லை. சிவப்பு அப்படியே நின்றது. கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை.

"கையத் தூக்கு" என்றார்.

இடது கையைத் தூக்கினேன். ஒரு ஹாரன். பிறகுதான் விளக்கு அணைந்தது.

"ஹாரன் எதுக்குக்கா?" என்று நிவேந்திரன் கேட்டார். அத்தை வேறொன்றைக் கேட்டார்.

"அன்னிக்கு எரிஞ்சிருக்குமா தம்பி?"

"இப்ப எரியுது. அன்னிக்கு எப்படின்னு நான் எப்படிக்கா சொல்றது?"

அத்தை மறுபடியும் தொழிலுக்குப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். சாலையை விட அந்தப் படத்தைத்தான் அதிகம் பார்ப்பார். ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியைப் பார்த்து ஒரு ஹாரன் அடிப்பார். பக்கத்து வண்டிக்காரர்கள் முறைப்பார்கள். கண்ணாடியில் சில நாள் வெறும் சாலை தெரியும். சில நாள் அவருக்கு என்ன தெரிந்ததோ, பச்சை விழுந்தும் நகராமல் நிற்பார்.

மறுவருடம் தீபாவளி கழிந்து, டிரெய்லரின் பின்கதவில் எழுதியிருந்த எண்ணுக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் சிவசாமி, தொழிற்சாலை வேன் ஓட்டுபவர். அன்று காலை வேறொரு கார் அவர் வேனை உரசியதால் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தாராம். மாமா இறந்தது அவருக்கு இப்போதுதான் தெரிந்ததாம்.

கடைசி சிக்னல். எங்கள் டிரெய்லர் நிற்கிறது. இரண்டு பிரேக் விளக்குகளும் சிவந்து எரிகின்றன. அதன் பின்னால் மோட்டாரில் மாமா. இடது கை மேலே. சிக்னலின் சிவப்பு மாறுவதற்குள் வேன் இடது பக்கச் சாலையில் திரும்பிவிடுகிறது. படத்தை விட்டுப் போகும்போதும் அந்தக் கை மேலேதான் இருக்கிறது.

"எரியுது" என்றார் அத்தை. "பாருலா, ரெண்டும் எரியுது." அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும்.

"கைய எறக்கலையே" என்றார். "அந்தச் சாவு வீட்டுக்காரங்க அன்னிக்கு போன்ல கூப்பிட்டுகிட்டே இருந்தாங்க. நான் ஹாரன் அடிச்சனா? இல்லாட்டி ஒத்தக் கையிலயா வளைவத் திரும்பினாரு? சத்தத்தக் கூட்டு."

கூட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. சிவசாமியிடம் கேட்டு எழுதினேன். பதில் உடனே வந்தது.

"அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது, அக்கா."

படித்துக் காட்டினேன். அத்தை போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.