மலைக்கு அந்தப் பக்கம்

மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலையில் தங்கை வாங்கும் மனைக்கான பத்திரத்தை எழுத்தர் நீட்டினார். அதன் கோந்து வாசனை என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

கிழிந்த தேசப்படத்தை ஒட்டிக்கொண்டே டீச்சர், மேற்கு எது என்று கேட்டார். டவுன் பிள்ளைகள் எல்லோரும் மலையைக் காட்டினோம். அடி அண்ணாமலையிலிருந்து வரும் செல்வி மட்டும், "எங்க ஊர்ல மலை கிழக்கால இருக்குது டீச்சர்" என்றாள். சிரித்தோம்.

"மலையப் பார்த்துச் சொல்லாதீங்கடா, சூரியனப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

பத்திரத்தின் எல்லை விவரத்தில் 'மேற்கே மலை' என்றிருந்தது. கையெழுத்தாகிப் பதிவாகிவிட்டால், பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்றவரைத் தேடி அலைய வேண்டும். அந்த அலைச்சலின் நடைமுறை, முப்பது வருடப் பதிவு அலுவலக உத்தியோகத்தில் எனக்கு அலுத்துப்போன மனப்பாடம். அதைத் தவிர்க்கக் கற்றது ஐந்தாம் வகுப்பில்தான்.

தங்கை பேனாவைத் திறந்தாள்.

"பொறும்மா. செல்வி ஊர்ல மலை கிழக்கால."

"யாருண்ணா செல்வி?"