சாமை புடைத்த இடத்தில் வாசித்த கதை

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில், காவலூருக்கும் அப்பால் இருந்த சிற்றூர்களில் நான் நர்ஸாக வேலை பார்த்தேன். ஆலங்காயத்தில் பஸ் ஏறினால் பாதி தூரம்தான், மீதி நடை. தோளில் மருந்துப் பெட்டி, மனசில் கதை எழுதும் பைத்தியம். வறுமையையும் சாதிக் கொடுமையையும் கதையாக எழுதியே நாட்டைத் திருத்திவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன். சிரிக்காதீர்கள், இருபத்து நான்கு வயதில் அப்படித்தான் இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் என்னிடம் ஓடி வந்தாள். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. என்னிடம் அதற்கு மருந்தில்லை. நானே அவர்களை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மலைக்காரர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் வெளியே புங்கமரத்தடியில் உட்கார வேண்டும். ஊர்க்காரர்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். சட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை. சீட்டுக் கொடுப்பவர் கையை வெளியே நீட்டுவார், இவர்களும் பேசாமல் போய் உட்காருவார்கள்.

அன்று அவள் உட்காரவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்தபடி டாக்டர் அறை வாசலை மறித்து நின்றுவிட்டாள். சீட்டுக் கொடுப்பவர் கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் திட்டினார்கள். "எம் புள்ளைய பாக்காம நவுர மாட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் சத்தம் கேட்டு டாக்டரே எழுந்து வந்து உள்ளே அழைத்தார். குழந்தை பிழைத்தது. ஐந்தாம் நாள் மலையேறினோம்.

இதை விடுவேனா? கதையாக எழுதினேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. ஒரு வார இதழ் படம் போட்டு வெளியிட்டது. தலைகால் புரியாமல் அதை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். களத்தில் ஏழெட்டுப் பெண்கள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள், அவளும் இருந்தாள். அங்கேயே உட்கார்ந்து உரக்க வாசித்தேன்.

என் கதையில் அந்தத் தாய் டாக்டர் காலில் விழுந்து கதறுகிறாள். யாருக்கும் மனம் இரங்கவில்லை. மரத்தடியிலேயே குழந்தை இறந்துபோகிறது. படிப்பவர்கள் உருக வேண்டுமே! இதில் மகா முட்டாள்தனம், குழந்தையின் பெயரைக்கூட நான் மாற்றவில்லை.

முறங்கள் நின்றன. அவள் எழுந்துபோய், மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி, ஒரு பிடி மண்ணை மூன்று முறை சுற்றி எறிந்தாள். பிறகு என் எதிரில் வந்து நின்றாள். எப்போதும் 'வாங்க, போங்க' என்பவள் அன்று ஒருமையில் பேசினாள்.

"இன்னா நர்சம்மா, உசுரோட கீற புள்ளைய சாவடிச்சிட்டியே! நான் யார் கால்ல வுழுந்தேன்?"

"படிக்கிறவங்களுக்கு இரக்கம் வரணும்னுதான்..." என்று இழுத்தேன்.

"யாரு கேட்டா இரக்கத்த? எம் மொறையதான கேட்டேன். அன்னிக்கு நீயும் அங்கதான நின்னுக்கினு இருந்த? கதைல உன்ன மட்டும் காணோமே?"

அன்று நான் வெள்ளைப் புடவையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். 'அவசரக் கேஸ்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலதிகாரிகள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். கதையில் ஊரையே கல்நெஞ்சக்காரர்கள் என்று சாடிவிட்டு, என்னை மட்டும் பத்திரமாக வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

அடுத்த முத்தடுப்பு ஊசி நாளன்று ஒரு குழந்தைகூட வரவில்லை. ஊசி போடுவதற்கு முன் நோட்டில் பெயர் எழுத வேண்டும். நர்ஸம்மா பெயரை எழுதினால் பிள்ளைக்கு ஆகாது என்று பேச்சு பரவியிருந்தது. பக்கத்து ஊரில் கக்குவான் இருமல் வேறு. அவளிடமே போய்க் கெஞ்சினேன்.

"அச்சுல சாவடிச்சத அச்சுலயே பொழைக்க வை. அப்பறம் வர்றோம்" என்றாள்.

சரி என்று உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். வாய் திறக்காமல் நின்ற நர்ஸையும் எழுதினேன். உடன் வேலை பார்த்தவள் படித்துவிட்டு, "வேலை போய்டும்டி" என்று பதறினாள். அனுப்பினேன். 'முடிவில் உருக்கம் போதவில்லை' என்று வார இதழ் திருப்பியது. ஒரு வார்த்தையையும் மாற்றாமல் வேறொரு சிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். காத்திருந்த நாட்களில், மலையிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நானும் கூடவே போய், "இவங்க சீட்டு மொதல்ல" என்று வாசலில் நின்றேன். முதல் தடவை குரல் நடுங்கியது. பிறகு பழகிவிட்டது.

கதை அச்சில் வந்ததும் அதே களத்தில் வாசித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எழுந்து மகளை இடுப்பில் தூக்கி வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

நோட்டைத் திறந்து குழந்தையின் பெயரை எழுதினேன். அவள் பின்னால் மற்றப் பெண்களும் பிள்ளைகளோடு நின்றார்கள்.

அடுத்த மாதம் கதைக்கு விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து எனக்கு மெமோ வந்தது. புங்கமரத்தடி வழக்கமும் ஒரே கதையில் ஒழிந்துவிடவில்லை, அதற்கு இன்னும் பல தடவை அந்த வாசலில் நிற்க வேண்டியிருந்தது. ஏழைகளைப் பற்றி அதன்பிறகு எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். அநியாயம் நடந்தபோது நான் எங்கே நின்றேன் என்று எனக்கே பதில் சொல்லாமல் இன்றுவரை ஒரு கதையையும் தொடங்கியதில்லை.